பிள்ளைகளோடு வெளியேற நினைக்கிறேன். கையில் பணமில்லை, பிறந்த வீட்டிலும் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

கேட்பவர்: வளவுவீட்டுப் பெண்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். ஊரையும் பெயரையும் எழுத முடியாத நிலையில் இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள்.

கணவர் முதலில் வெளிநாட்டில் வேலை பார்த்தார். திரும்பி வந்து ஊரிலேயே தங்கிய பிறகு, சாப்பாட்டில் உப்புக் குறைந்தது முதல் மகள் சத்தமாகச் சிரித்தது வரை எல்லாமே அடியில் முடிகிறது. எங்கள் வீடு பங்காளிகள் பலருக்கும் பொதுவான பெரிய வீடு. மற்றவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டுமே வருவார்கள். மற்ற நாட்களில் வளவைச் (உள்முற்றத்தை) சுற்றியுள்ள அறைகள் பூட்டியே கிடக்கின்றன. நான் கத்தினால் தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்காது. மாமியாருக்குக் கேட்கும், ஆனால் அவர் தம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். சென்ற மாதம் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் வைத்துக் கணவர் என் கழுத்தைப் பிடித்து நெரித்தார். மகள் வந்து அழுததால் விட்டார்.

என் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் ஏடிஎம் அட்டை அவரிடம் இருக்கிறது. என் பிறந்த வீட்டில் போட்ட நகைகள், நான் அன்றாடம் அணிபவை தவிர, அவரும் மாமியாரும் சேர்ந்து வைத்திருக்கும் லாக்கரில் இருக்கின்றன. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சில ஆயிரம் ரூபாய் ஒளித்து வைத்திருக்கிறேன். திருமணத்துக்கு முன்பு பி.காம். முடித்தேன், வேலைக்குப் போனதில்லை. அப்பச்சி (அப்பா) காலமாகிவிட்டார்கள். ஆத்தா (அம்மா) கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அது முடியும்வரை பொறுத்திரு, நீ இப்போது வந்தால் அந்த இடம் தட்டிப்போகும் என்கிறார். ஆத்தா போனில் அழுகிறார்கள், வா என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

நானாகப் படியிறங்கினால் வீட்டிலும் நகையிலும் எனக்கு உரிமை போய்விடும் என்றும், ஓடிப்போனவள் என்று எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளை வாங்கிக்கொள்வேன் என்றும் கணவர் சொல்கிறார். வீடு தம் பெயரில் இல்லை, பொதுச்சொத்து, ஆகவே எந்த நீதிமன்றமும் எனக்கு அதில் இடம் தர முடியாது என்றும் சொல்கிறார். இவையெல்லாம் உண்மையா? முதல் இரவை எங்கே கழிப்பது, அதன் பிறகு பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு சோறு போடுவது என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சிவகங்கை வழக்கறிஞர்

சகோதரி, மற்றக் கேள்விகளுக்கு வருமுன் கழுத்தை நெரித்ததைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் இரண்டு வரியில் அதைக் கடந்துவிட்டீர்கள். அதை மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணக் கூடாது. கழுத்தை ஒருமுறை நெரித்தவர் பின்னாளில் உயிரையே எடுத்துவிடும் அபாயம் பல மடங்கு அதிகம் என்பது குடும்ப வன்முறையை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த உண்மை. வெளியே தடம் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தக் குழாயில் காயம் இருக்கலாம். குரல் மாறியிருந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, தலைசுற்றலும் பார்வை மங்கலும் இருந்தாலோ இன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் படியில் விழுந்தேன் என்று சொல்லாமல் நடந்ததை நடந்தபடியே சொல்லி, காயங்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். அந்தப் பதிவு பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும். இன்னொரு முறை கை கழுத்துக்கு வந்தால், எதையும் எடுத்துக்கொள்ள நிற்காமல் பிள்ளைகளோடு வெளியே வந்து அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். இனி நான் எழுதுவதெல்லாம் உங்களுக்குச் சில நாள் அவகாசம் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

உங்கள் கணவர் சொன்னவற்றில் சட்டப்படி நிற்கக்கூடியது எதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் "பகிர்ந்து வாழ்ந்த இல்லம்" என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கம், செட்டிநாட்டு வீடுகளை நினைத்து எழுதியதோ என்று தோன்றும் அளவுக்குப் பரந்தது. கணவர் உறுப்பினராக உள்ள கூட்டுக் குடும்பத்தின் வீடாக இருந்தாலும், அதில் அவருக்கோ உங்களுக்கோ தனிப்பட்ட சொத்துரிமை இருக்கிறதா இல்லையா என்று பாராமல், அங்கே வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்பதை 2020-இல் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அச்சத்தால் வெளியேறிய பெண்ணுக்கும் அந்த உரிமை தொடர்கிறது. அங்கே திரும்பி வாழ்வது பாதுகாப்பில்லை என்றால், அதற்கு ஈடான வேறு இடத்தையோ அதன் வாடகையையோ தரும்படி கணவருக்கு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். உங்கள் நிலையில் நான் கேட்கப் போவது இந்த வாடகையைத்தான். ஆள் இல்லாத பெரிய வீட்டுக்குள் உத்தரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் திரும்பிப் போவதை நான் விரும்பமாட்டேன்.

நகை உங்களுடையது. பெண்ணுக்குத் திருமணத்தில் தந்த சீதனம் அவளுக்கே முழு உரிமையானது, கணவர் வீட்டார் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கத்துப் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வைரம், தங்கம், வெள்ளி, பித்தளை என்று சீர்ச் சாமான்களை எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. உங்கள் ஆத்தாவிடம் அந்தப் பட்டியல், முறைச்சிட்டை (சீர்முறைகளை எழுதிய சிட்டை), நகைக்கடை ரசீதுகள், சாமான் பரப்பியபோது எடுத்த புகைப்படங்கள் ஆகியவை இருக்கும். அவற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு அண்ணனின் அனுமதி தேவையில்லை. திருமணம் பதிவு செய்யப்படாதிருந்தால் இசைகுடிமானமும் (திருமணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஓலை) அழைப்பிதழும் திருமணத்துக்குச் சான்றாகும். குடும்ப வன்முறைச் சட்டப்படி நடுவரிடம் தரும் மனுவோடு இடைக்கால உத்தரவும் கேட்டால், லாக்கரைத் திறக்கவோ நகைகளை விற்கவோ கூடாது என்று கணவரைத் தடுக்க முடியும்.

கைவிட்டுப் போனதாகக் காட்டி விவாகரத்துக் கேட்பதற்கு, நியாயமான காரணமின்றி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பிரிந்திருந்ததாக நிரூபிக்க வேண்டும். அடிக்குப் பயந்து வெளியேறுவது நியாயமான காரணம். ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. மகள் விஷயத்தில் அவளுடைய நலனே அளவுகோல். அடி நடக்கும் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வெளியேறாதீர்கள். இருவரையும் அழைத்துக்கொண்டு வந்து, தற்காலிகப் பொறுப்புக்கான உத்தரவை அதே மனுவில் கேளுங்கள்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் அனைவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. சிவகங்கையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் சந்திக்கலாம். நடந்த வன்முறையைப் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கையை அவரே எழுதி நடுவருக்கு அனுப்புவார். மனு வந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை வைப்பதே முறை என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் தாமதம் ஆகிறது, அதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நீங்கள் தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே மனு செய்யலாம். மதுரையில் தங்கினால் மதுரையில், திருச்சியில் தங்கினால் திருச்சியில்.

பதில்: தேவகோட்டை ஆச்சி

தங்கச்சி, நானும் இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தவள். சட்டத்தை வழக்கறிஞர் சொல்லிவிட்டார்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் நான் சொல்கிறேன்.

முதல் இரவுக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. மாவட்டந்தோறும் பெண்களுக்காக உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சாப்பாடும் படுக்கையும் மருத்துவமும் சட்ட ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஐந்து நாள் வரைதான் தங்கலாம் என்பது பொதுவான விதி. ஆகையால் போன முதல் நாளே, அடுத்து எங்கே என்ற பேச்சை அங்குள்ள ஆலோசகரிடம் தொடங்கிவிட வேண்டும். கணவனைப் பிரிந்த பெண்கள் பிள்ளைகளோடு தங்குவதற்குச் சமூக நலத்துறை சேவை இல்லங்களை நடத்துகிறது. இடம் எங்கே காலியாக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கையிலுள்ள சில ஆயிரத்தைக் குறைவாக எண்ணாதீர்கள், ஆனால் அதை வாடகை அட்வான்ஸில் முடக்கிவிடாதீர்கள். கணவருக்குக் கணக்கில்லாத ஒரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ உங்கள் பெயரில் மட்டும் புதுக் கணக்குத் தொடங்குங்கள். ஜன்தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பே வேண்டாம். பாஸ்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வராமல் நம்பகமான ஒருவரிடம் வையுங்கள். ஊருக்குள் இருக்கும் கிளை வேண்டாம், அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருப்பார்கள். பழைய கணக்கின் அட்டையை வெளியேறிய அன்றே வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள். முன்கூட்டி முடக்கினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அணிந்திருக்கும் நகையை அவசரத்தில் விற்க வேண்டாம். விற்ற பணம் மூன்று மாதத்தில் கரைந்துவிடும். வங்கியில் அடகு வைத்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம், ரசீதும் உங்கள் பெயரில் இருக்கும்.

வேலையைப் பொறுத்தவரை, பி.காம். படித்தவருக்குக் காரைக்குடியில் வழி இல்லாமல் போகாது. துணிக்கடை, பாத்திரக்கடை, மருத்துவமனை, தணிக்கையாளர் அலுவலகம் என்று கணக்கு எழுத ஆள் தேடும் இடங்கள் இருக்கின்றன. நான் அவ்வளவு படிக்கவில்லை. பலகாரம் போடும் ஒரு வீட்டில் தேன்குழல் பிழியவும் மாவு சலிக்கவும் போனேன். தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் இரவெல்லாம் வேலை இருக்கும், ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அந்த மாதங்களைக் கடப்பதற்காகத்தான் மகளிர் குழுவில் சேர்ந்தேன். முதல் ஓராண்டு மிகக் கடினமாக இருக்கும் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகள் பழைய வீட்டையும் பழைய பள்ளியையும் கேட்டு அழுவார்கள். ஆனால் என் மகன் கதவு சாத்தும் சத்தத்துக்கு நடுங்குவதை நிறுத்தியது அந்த ஓராண்டில்தான்.

மகளின் பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனால் பள்ளியிலிருந்து தந்தைக்குச் செய்தி போய்விடும். கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆதார் நகலையும் பிறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்து வாருங்கள்.

பதில்: கோட்டையூர் பெரியவர்

அம்மா, எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகுமுன் ஒருமுறை ஒரே கோவிலைச் சேர்ந்த பங்காளிகளில் மூத்தவர்கள் நான்கு பேரை இரு வீட்டுப் பக்கமிருந்தும் உட்கார வைத்துப் பேசினால் என்ன? தனி அடுப்பு வைத்து வேறு வைத்தது போதாமல் மாமியாரோடு ஒரே கூரையில் இருப்பதால் வரும் மனத்தாங்கலாகவும் இருக்கலாம். கணவன் மனைவியை வேறு ஊரில் குடிவைத்துச் சரியான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மீதுள்ள அக்கறையால் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

பதில்: சிவகங்கை வழக்கறிஞர்

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் இந்த யோசனையை இந்தப் பெண் இப்போது ஏற்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். மனைவி வெளியேறப் போகிறாள் என்று கணவருக்குத் தெரிய வரும் நாட்களே வன்முறை மிகக் கடுமையாகும் நாட்கள். நான்கு பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து உட்கார வைக்கப்பட்ட மனிதர், அவர்கள் காபி குடித்துவிட்டுப் போன பிறகு அந்த ஆளில்லாத வீட்டில் இவரோடு தனியாக இருப்பார். கழுத்தை நெரித்ததை மனத்தாங்கல் என்று பெயரிட்டுப் பேசித் தீர்க்க முடியாது.

பெரியவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அது இவர் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு. என்னென்ன சீர் வந்தது என்பதைத் திருமணத்தில் பார்த்தவர்கள் நீங்கள். அதைச் சாட்சியாகச் சொல்லுங்கள், லாக்கரிலுள்ள நகைகளைத் திருப்பித் தரும்படி அந்த வீட்டாரிடம் கேளுங்கள். ஒரு பெண்ணின் அக்காள் பிரிந்து வந்துவிட்டாள் என்பதற்காகத் தங்கையின் சம்பந்தத்தைத் தட்டிவிடும் வீட்டாரிடமும் பேசுங்கள். இந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பது அந்தப் பயமே. அதை நீக்க உங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

பதில்: கோட்டையூர் பெரியவர்

கழுத்து விஷயத்தின் கடுமையை நீங்கள் எழுதிய பிறகே உணர்ந்தேன். அம்மா, நீங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருங்கள். பிறகு உங்கள் அண்ணனிடம் பேச ஒரு மூத்தவர் வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், நான் பேசுகிறேன்.

கேட்பவர்: வளவுவீட்டுப் பெண்

எல்லாருக்கும் நன்றி. பகலில் அவர் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். குரல் சில நாட்களாகக் கம்மிக்கொண்டே இருக்கிறது. சளி என்று நினைத்திருந்தேன். நாளை மகனுக்குத் தடுப்பூசி என்று சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போகிறேன், என்னையும் காட்டிக்கொள்கிறேன். ஆத்தா நகைப் பட்டியலைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஆனால் என் வாட்ஸ்அப்பை அவர் பார்ப்பார் என்பதால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். என் போன் எங்கிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. மேலும், முன்பு ஒருமுறை ஒரு காவல் நிலையத்துக்குப் போனபோது மனுவை வாங்காமல் சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அப்படியே நடந்தால் என்ன செய்வது?

பதில்: தேவகோட்டை ஆச்சி

தங்கச்சி, சளி என்று விட்டுவிடாதீர்கள். முதலில் உங்களைக் காட்டுங்கள், பிறகு மகன். மருத்துவமனையிலேயே, உங்களோடு தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லுங்கள். அங்கிருந்தே 181-ஐ அழைக்க அவர்களுடைய போனைக் கேளுங்கள். வீடு திரும்பப் பயமாக இருந்தால் திரும்பவே வேண்டாம். பிள்ளைகள் இருவரும் உங்களோடு இருக்கும்படி, மகளுக்கும் காய்ச்சல் போலிருக்கிறது என்று சொல்லி அழைத்துப் போங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை மகனின் தடுப்பூசி அட்டை இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையோடு போவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பதில்: சிவகங்கை வழக்கறிஞர்

போனில் இருப்பிடப் பகிர்வு, கூகுள் கணக்கு, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் ஆகிய மூன்றும் அவர் உங்களைப் பின்தொடரும் வழிகளாக இருக்கலாம். வீட்டில் இருக்கும்போது அவற்றை மாற்றினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். வெளியேறிய பிறகு போனை அணைத்து, புதிய சிம்மையும் முடிந்தால் வேறு போனையும் பயன்படுத்துங்கள். பட்டியலை ஆத்தா இப்போதைக்குத் தம்மிடமே வைத்திருக்கட்டும். புதிய எண் வந்ததும் அதற்கு அனுப்பினால் போதும். இந்தப் பக்கத்தைப் பார்த்த தடத்தையும் உலாவியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கணவரின் கொடுமை இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எந்த நிலையத்தின் எல்லையில் நடந்தது என்று காரணம் காட்டிப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது. அப்படியும் மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாதுகாப்பு உத்தரவும் ஜீவனாம்சமும் வாடகையும் பெறக் காவல் நிலையத்தின் தயவு தேவையில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் மனு நேரடியாக நடுவரிடம் செல்லும். பாதுகாப்பு உத்தரவு வந்த பின் அதை அவர் மீறினால், ஓராண்டு வரை சிறையோ இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நாளை மருத்துவமனையிலிருந்து சேவை மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் 15100-ஐ அழைத்து, கழுத்து நெரிக்கப்பட்டதையும் குரல் கம்மியிருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு உடனே வேண்டும் என்று கேளுங்கள். கணவருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் வரும்வரை காத்திராமலே அதை வழங்க நடுவருக்கு அதிகாரம் உண்டு.